பதின்மூன்றாவது கேக் வேண்டாம் என்கிறான் மகன்

அனுப்பானடி அம்மா | 14 மே 2025

அழகர் ஆற்றில் இறங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. வந்திருந்த உறவினர்கள் படுத்த பாய்களையும் போர்வைகளையும் இன்னும் மடித்து முடிக்கவில்லை. இந்த நேரத்தில் கேக்கைப் பற்றி ஒரு கேள்வியா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு நான்கு நாட்களாகச் சரியான தூக்கம் இல்லை.

வருகிற 24ஆம் தேதி என் மகனுக்குப் பதின்மூன்று வயது நிறைகிறது. முதல் பிறந்தநாளிலிருந்து போன வருடம் வரை 12 கேக்குகள். பன்னிரண்டும் என் கையால் செய்தவை, ஒன்றுகூடக் கடையில் வாங்கியதில்லை. போன சனிக்கிழமை வெண்ணெய், மைதா, எசன்ஸ் என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்றான். "அம்மா, இந்த வருடம் கேக் வேண்டாம்" என்றான். வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒன்றும் வேண்டாம். கேக் மட்டும் வேண்டாம்." அவ்வளவுதான். மாடிக்குப் போய்விட்டான்.

ஒரு கேக்குக்காக இவ்வளவா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும்.

நான் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். எனக்குப் பிறந்தநாள் கிடையாது. சான்றிதழில் 5-6-1984 என்று இருக்கிறது. அது என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் விரல் விட்டுக் கணக்குப் போட்டு எழுதிய தேதி. அம்மாவைக் கேட்டால், "ஐப்பசி அடைமழை. ஆற்றில் தண்ணீர். மருத்துவச்சி அக்கரையிலேயே நின்றுவிட்டாள்" என்பார். எந்த வருடத்து ஐப்பசி என்று கேட்டால் பதில் வராது. எங்கள் வகுப்பில் ஜூன் 5ஆம் தேதி பிறந்தவர்கள் எட்டுப் பேர் இருந்தோம்! என் பிள்ளைகளுக்காவது அவர்கள் பிறந்த நாள் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அது தவறா?

2013இல் முதல் கேக். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாத காலம் அது. என் தம்பி வாங்கிக் கொடுத்த வட்டமான அலுமினிய அவன், மேல்மூடியில் கண்ணாடி வைத்தது, அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. குக்கரில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடுப்பில் வைத்துத்தான் செய்தேன். நடுவில் மேடு தட்டி, தலையில் வெடிப்பு விட்டிருந்தது. பிள்ளை அதில் கையை வைத்து அமுக்கிய புகைப்படம் இன்றைக்கும் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது.

பிறகு வருடத்துக்கு ஒரு உருவம். ஐந்தாவது பிறந்தநாளுக்குத் தெப்பக்குளம் செய்தேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். சதுரத் தகரத்தில் கேக், சுற்றிப் படிக்கட்டு, நடுவில் மைய மண்டபத்துக்குப் பிஸ்கட் அடுக்கு. தண்ணீருக்கு என்ன செய்வது என்று யோசித்து, ஜிகர்தண்டாவுக்குப் போடுவோமே கடற்பாசி, அதைக் காய்ச்சி, நீலச்சாயம் விட்டு ஊற்றினேன். அப்போது மகள் வயிற்றில் ஏழு மாதம். நின்று நின்று கால் இரண்டும் வீங்கிவிட்டன. பெருமையாகக் கொண்டுவந்து வைத்தால் பிள்ளை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, தெப்பக்குளத்தில் ஏது தண்ணீர்? அண்ணன்கள் கிரிக்கெட் அல்லவா ஆடுகிறார்கள்?" என்றான். 2017இல் குளம் காய்ந்துதான் கிடந்தது. அவன் சொன்னதில் பிழை இல்லை. பாசியைத் தின்ற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மறுநாள் வரை பல் நீலம்.

அடுத்த வருடம் அழகரின் குதிரை. மஞ்சள் கிரீம் பூசி முடித்ததும் குதிரை கொஞ்சம் நாய் போலத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அழகர் ஏறுகிற குதிரையைக் கத்தியால் வெட்டுவார்களா?" என்று ஒரே பிடி. கடைசியில் குதிரையை விட்டுவிட்டுக் கீழே வைகைக்காக வைத்திருந்த பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்தோம். குதிரை மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியில் நின்றது.

செய்முறை கால்கிலோக் கணக்குதான். மைதா, வெண்ணெய், மிக்சியில் பொடித்த சர்க்கரை எல்லாம் கால்கிலோ. முட்டை ஐந்து; ஊரிலிருந்து அம்மா கொண்டுவரும் நாட்டுக்கோழி முட்டை சிறியது என்பதால் ஏழு. பகலில் செய்தால் கத்திரி வெயிலில் வெண்ணெய் எண்ணெயாகிவிடும். அதனால் 23ஆம் தேதி இரவு பத்து மணிக்குமேல்தான் ஆரம்பிப்பேன். ஈர்க்குச்சியைக் கழுவித் துடைத்து நடுவில் குத்தி எடுத்து, ஒட்டவில்லை என்றால் இறக்குவேன். மாவு கலக்கிய பாத்திரம் பிள்ளைக்கு. எத்தனை மணியானாலும் விழித்துக் காத்திருந்து வழித்துத் தின்பான். மூக்கு நுனியில் மாவு ஒட்டியிருக்கும்.

போன வருடம் பாத்திரம் வழிக்க அவன் வரவில்லை. நானே கழுவி வைத்தேன். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கணவரிடம் சொன்னேன். "மீசை அரும்புகிற வயது, விடு" என்கிறார். மாமியாருக்கோ உள்ளூர மகிழ்ச்சி. "விளக்கை ஊதி அணைப்பது நல்லதல்ல என்று முதல் வருடமே சொன்னேன். பாயசம் வைத்து, மீனாட்சிக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தால் போதாதா?" என்கிறார். மகளுக்கு ஜூலையில் எட்டு வயது. "அண்ணனுடைய கேக்கையும் சேர்த்து எனக்குப் பெரியதாகச் செய்வீர்களா?" என்று இப்போதே பேரம்.

நான் கேட்பது ஒன்றுதான். இவன் வேண்டாம் என்று சொன்னாலும் செய்து வைத்துவிடலாமா? வைத்தால் தின்பான் என்று ஒரு மனம் சொல்கிறது. பிடிவாதமாகத் தொடாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு மனம். உங்கள் வீடுகளில் பிள்ளைகள் இப்படிச் சொன்னபோது என்ன செய்தீர்கள்?

---

வெயிலான் | 14 மே

கேக்தானே வேண்டாம் என்கிறான்? என் மகன் சோறே வேண்டாம் என்கிறான். மூன்று வேளையும் பரோட்டா.

---

மாவுக்கை, திருநகர் | 14 மே

அக்கா, முதலில் ஒரு சண்டை போட்டுக்கொள்கிறேன். மதுரையில், மே மாதத்தில், பட்டர் கிரீமா? முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று டிகிரியிலேயே வெண்ணெய் இளகிவிடும். உங்கள் சமையலறையில் இரவிலும் அதற்குக் குறையாதே! பன்னிரண்டு வருடம் சமாளித்திருக்கிறீர்கள் என்றால் கையெடுத்துக் கும்பிட வேண்டியது உங்களைத்தான், குதிரையை அல்ல.

நான் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். ஆறு வருடமாக. உங்கள் கேள்வியைப் படித்ததும் ஆர்டர் எழுதும் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பத்து வயது வரை பையன்களின் கேக்கை அம்மாக்கள்தான் சொல்கிறார்கள். கார், கிரிக்கெட் மைதானம், பொம்மைக்கரடி என்று. பெயர் பெரிதாக வேண்டும், வயது அதைவிடப் பெரிதாக வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று ஆனதும் பையனே கைப்பேசியில் கூப்பிடுகிறான். குரல் உடைந்திருக்கும். "ஆன்ட்டி, அரைக்கிலோ சாக்லேட். பெயர் எழுத வேண்டாம். வயதும் வேண்டாம்." இதை மட்டும் இரண்டு முறை சொல்வார்கள். பிறந்தநாள் கேக்குதான், ஆனால் பிறந்தநாள் கேக் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது.

இன்னொரு வகையும் உண்டு. "கிரீம் மட்டும் தனியாக ஒரு டப்பாவில் வேண்டும்" என்பார்கள். முகத்தில் அப்புவதற்கு. அதை நான் கொடுப்பதில்லை. நின்று நின்று இடுப்பு போகச் செய்கிறோம், இவர்கள் காதுக்குள் தள்ளுவதற்கா? உங்கள் மகன் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

என் மகனுக்குப் பதினைந்து. கேக்காரி வீட்டுப் பிள்ளை கேக்கைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் கிரீம் பூசுவதற்கு முன்னால் மேட்டைச் சமமாகச் சீவி எடுப்போம் அல்லவா, அந்தச் சீவல் மட்டும் ஒரு துண்டுகூட மிஞ்சாது. பாலில் போட்டுத் தின்றுவிடுவான்.

உருவமெல்லாம் வேண்டாம். பெயர் இல்லாமல், மெழுகுவர்த்தி இல்லாமல், வெறும் வெண்ணெய்க் கேக்காகச் செய்து டப்பாவில் போட்டு வையுங்கள். எதுவும் சொல்லாதீர்கள். வயதுக்கு வந்த பிள்ளைகளிடம் வாயைத் திறந்தால் வம்பு.

---

பழைய சைக்கிள், சிம்மக்கல் | 15 மே

அம்மா, உங்கள் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். குதிரை நாய் போல இருந்தது என்ற இடத்தில் சிரித்தவள், பாத்திரத்தை நீங்களே கழுவி வைத்த இடத்தில் எழுந்து போய்விட்டாள்.

நான் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தலைமுறைக்கு நட்சத்திரப் பிறந்தநாள்தான். எண்ணெய்க் குளியல், புதுச் சட்டை, கோயிலில் பெயர் நட்சத்திரம் சொல்லி ஒரு அர்ச்சனை, வீட்டில் பாயசம். இதில் பிள்ளையின் வேலை சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது மட்டும்தான். உங்கள் மாமியார் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. எங்கள் வீட்டில் மகள் கேக் வெட்டிய வருடங்களில் மெழுகுவர்த்தி கிடையாது. பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றி வைப்போம். அது பாட்டுக்கு எரியும், யாரும் ஊதுவதில்லை.

மெழுகுவர்த்தி ஜெர்மானியர் கொண்டுவந்த பழக்கம். 1746இல் அங்கே சின்சென்டார்ஃப் என்ற பிரபுவின் பிறந்தநாளுக்கு, அடுப்பு கொள்ளும் அளவுக்குப் பெரிய கேக் ஒன்று செய்து, வயதுக்கு ஒரு துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவர்த்தி செருகியிருந்தார்கள் என்று நேரில் கண்டவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பிரபுவுக்கு அப்போது நாற்பத்தாறு. பிள்ளைகளுக்கான விஷயமாக அது தொடங்கவே இல்லை பாருங்கள்! நம் பக்கத்தில் கேரளத்துக்காரர்கள், தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் 1883இல் ஒரு வெள்ளைக்காரருக்குச் செய்து கொடுத்த கிறிஸ்துமஸ் கேக்கிலிருந்து கணக்குச் சொல்வார்கள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கேக் நம்மிடம் வந்து வெகுகாலம் ஆகவில்லை. உங்கள் வீட்டு வழக்கத்துக்கு வயது பன்னிரண்டு. ஒரு வழக்கம் உங்கள் மகனைவிட இளையதாக இருந்தால், அவன் அதை எதிர்த்துப் பேசத்தான் செய்வான்.

சரி, என் கதை. 1980களில் டவுன் ஹால் ரோட்டில் கேக் வாங்கி, அட்டைப்பெட்டியைச் சணலால் கட்டி, சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிட்டுச் சிம்மக்கல்லுக்கு ஓட்டிக்கொண்டு வருவேன். மேம்பாலம் ஏறி இறங்குகிற அவஸ்தையெல்லாம் இல்லை, ஆனால் குழிக்குக் குறைவில்லை. வீட்டில் பெட்டியைத் திறந்தால் கேக் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ரோஜாப்பூ எல்லாம் மூடியில் ஒட்டியிருக்கும். மகள் அந்த மூடியை நக்குவாள். ஏழெட்டு வருடம் இப்படி. அவள் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள், "அப்பா, இனி கேக் வேண்டாம்" என்றாள். நானும் உங்களைப் போலத்தான், மனம் உடைந்துபோனேன். அவள் அம்மா கேட்டுச் சொன்னாள்: அவளுடைய தோழிகள் இருவர் எங்கள் தெருவுக்குக் குடிவந்திருக்கிறார்கள். அப்பா கேக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, மணி அடித்துக்கொண்டு வருவதை அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

அடுத்த வருடம் நடந்து போய் நடந்து வந்தேன். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. அந்த ஒரு வருடம்தான் கேக் நேராக வந்து சேர்ந்தது.

உங்கள் மகனிடம் கேளுங்கள். நீங்கள் கேட்காதீர்கள், வேறு யாரையாவது விட்டுக் கேளுங்கள்.

---

ழகரம், மேலூர் | 15 மே

நான் உங்கள் மகன் பக்கம். எனக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கிறேன். இந்த இழையில் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

என் அப்பா ஒவ்வொரு வருடமும் ஒரே பேக்கரியில் ஒரே கேக்கை வாங்கி வருவார். அரைக்கிலோ அன்னாசி. ஓரத்தில் செர்ரி என்ற பெயரில் ஐந்து களாக்காய். என் பெயரில் ஒரு ழ வரும். அந்த எழுத்தை அங்கே எழுதுகிறவர் ஒரு வருடம் ல என்று எழுதுவார், மறுவருடம் ள என்று எழுதுவார். சரியாக வந்ததே இல்லை. சின்ன வயதில் சிரிப்பாக இருந்தது. பதினான்காவது பிறந்தநாளில் ஆத்திரமாக வந்தது. வருடா வருடம் பெயரைக்கூடச் சரியாக எழுதாத கேக்கை நான் ஏன் வெட்ட வேண்டும் என்று கத்திவிட்டேன். இத்தனைக்கும் அப்பா ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருவார் என்று பிறகுதான் தெரிந்தது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் கேக் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவருடைய பைக் சத்தம் கேட்டதும் எட்டிப் பார்த்தேன். கையில் வெறும் சாப்பாட்டுக் கூடை. நானாக வேண்டாம் என்று சொன்னதை நானாக எப்படிக் கேட்பது?

மாவுக்கை அக்கா சொல்வதோடு எனக்கு ஒரு இடத்தில் உடன்பாடில்லை. பெயரை எடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் டப்பாவில் வைத்தால், "அம்மா கோபத்தில் இருக்கிறார்" என்றுதான் நான் நினைத்திருப்பேன். ஐயா சொல்கிறபடி ஆள் விட்டுக் கேட்பதும் வேண்டாம். எங்கள் வயதில் அதைவிட எரிச்சலூட்டுவது எதுவும் இல்லை. நேராகக் கேளுங்கள். ஆனால் உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துக் கேட்காதீர்கள். வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது கேளுங்கள்.

மெழுகுவர்த்தியைப் பற்றிப் பாடத்தில் படித்ததையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஊதி அணைத்த பிறகு கேக்கின் மேல்பூச்சில் பாக்டீரியா சராசரியாக 1400 சதவீதம் கூடியிருந்ததாம். ஆரோக்கியமானவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை என்றுதான் அவர்களும் சொன்னார்கள். ஆனாலும் உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

---

அனுப்பானடி அம்மா | 18 மே

மாமியாரிடம் சொன்னேன். 1400 என்பதைப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் 14,000 ஆக்கிவிட்டார்.

ழகரம், நீ சொன்னபடியே செய்தேன். நேற்று வெண்ணெய் வாங்குவதாக அல்ல, கண்ணாடிக் கடைக்கு என்று சொல்லி ஸ்கூட்டியில் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். தெப்பக்குளத்தைச் சுற்றி வரும்போது, முகத்தைத் திருப்பாமல், "கேக் ஏன்டா வேண்டாம் என்றாய்?" என்று கேட்டேன். கீழ்க்கரை தாண்டி, தென்கரை தாண்டி, மாரியம்மன் கோயில் பக்கம் வரும்வரை பதில் இல்லை. பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து, "முதல் துண்டு" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

இதை உங்களிடம் எழுதாமல் விட்டிருந்தேன். எழுதும் அளவுக்குப் பெரிய விஷயம் என்று நினைக்கவில்லை. 2022இல் பத்தாவது பிறந்தநாள். கேக்கை வெட்டியதும் பிள்ளை முதல் துண்டை எடுத்து, பக்கத்தில் நின்ற அம்மாச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, ஊட்டிவிட்டான். முட்டை கொண்டுவந்தவர் அவர்தானே, அந்த நினைப்பு. அப்பத்தாவிடம் அடுத்த துண்டை நீட்டினால், "எனக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் யாருடனும் பேச்சில்லை. மூன்றாம் நாள் என் கணவர் நடுவில் புகுந்து சமாதானம் பேசும்படி ஆகிவிட்டது.

அடுத்த வருடத்திலிருந்து நான் முன்னெச்சரிக்கை ஆகிவிட்டேன். கத்தியைக் கையில் கொடுக்கும்போதே காதோரம் குனிந்து, "முதலில் அப்பத்தா, அப்புறம் அம்மாச்சி, அப்புறம் மாமா, அப்புறம் அத்தை" என்று வரிசை சொல்லிவிடுவேன். அது ஒரு கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெப்பக்குளக் கரையில் நின்றுகொண்டு அவன் சொல்கிறான்: "வெட்டும்போது எல்லோரும் பாட்டுப் பாடுகிறார்கள் அம்மா. ஆனால் என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. என் கையையே பார்க்கிறார்கள். அது யார் பக்கம் போகும் என்று."

பன்னிரண்டு வருடப் புகைப்படங்களையும் நேற்று இரவு எடுத்துப் பார்த்தேன். உண்மைதான்.

சரி, கேக்காவது பிடிக்குமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொரோனா வருடம் செய்தீர்களே, அது நன்றாக இருந்தது" என்றான். 2020 மே. ஊரடங்கு. முட்டை கொண்டுவர அம்மாவால் வர முடியவில்லை, வெண்ணெயும் கிடைக்கவில்லை. ரவையைத் தயிரில் ஊறவைத்து, நெய்யும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுப் பழைய குக்கரில் உப்பின்மேல் வைத்து எடுத்தேன். உருவமும் இல்லை, பெயரும் இல்லை. என் கணக்கில் அது கேக்கே இல்லை, அவசரத்துக்குச் செய்த கேசரி. வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். தட்டில் போட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். அழகரே அந்த வருடம் ஆற்றில் இறங்கவில்லை, நமக்கென்ன கொண்டாட்டம் என்று பாட்டுக்கூடப் பாடவில்லை.

பெரியவரே, உங்கள் சைக்கிள்தான் எங்கள் வீட்டில் முதல் துண்டு.

இப்போது என் கோபமெல்லாம் என் மேல்தான். பத்து வயதுப் பிள்ளையின் கையில் இரண்டு சம்பந்தி வீட்டு மரியாதையையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, தெப்பக்குளத்துக்குப் படி செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

---

மாவுக்கை, திருநகர் | 18 மே

அக்கா, என் நோட்டில் இதை எழுத ஒரு பத்தி இல்லை. முதல் துண்டுச் சண்டை எங்கள் வீட்டிலும் உண்டு. என் நாத்தனார் இன்னமும் ஒரு 2019ஆம் வருடத்துப் பிளாக் ஃபாரஸ்டை மறக்கவில்லை.

ரவைக்கேக்குக்கு ஒரு வார்த்தை: தயிரில் அரைமணி நேரமாவது ஊற வேண்டும், இல்லாவிட்டால் ரவை நெறுநெறுவென்று நிற்கும். தயிர் புளித்திருந்தால்தான் சோடா வேலை செய்யும். புது உறைத் தயிரில் போட்டுவிட்டு உப்பவில்லை என்று என்னைத் திட்டாதீர்கள்.

---

அனுப்பானடி அம்மா | 25 மே

நேற்று முடிந்தது. யாரையும் அழைக்கவில்லை. அம்மா மட்டும் தன் வழக்கப்படி முதல் நாளே பதினைந்து முட்டையோடு வந்து இறங்கிவிட்டார். அது மதியம் முட்டைக்குழம்பாகிவிட்டது.

23ஆம் தேதி இரவு ரவைக்கேக்கைக் குக்கரிலிருந்து இறக்கி, ஒரு தாம்பாளத்தில் கவிழ்த்து, மேடையில் மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். பக்கத்தில் ஒரு கத்தி. வெட்டுவது, பாடுவது, கூப்பிடுவது எதுவும் கிடையாது, வேண்டியவர்கள் வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். காலை ஆறு மணிக்கு எழுந்து மூடியைத் திறந்தால் ஒரு மூலையில் ஏற்கெனவே ஒரு துண்டு இல்லை. நேர்த்தியான வெட்டு. மகன் தூங்குகிறான், மகள் தூங்குகிறாள். விசாரித்ததில், ஐந்தரைக்கு எழுந்து காபி போட்டுக்கொண்ட என் மாமியார் அதோடு ஒரு துண்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். "சர்க்கரை இருக்கிறதே அத்தை?" என்றேன். "ரவைதானே" என்றார்.

மகன் பத்து மணிக்கு வந்து, நின்றுகொண்டே இரண்டு துண்டு தின்றான். சாயங்காலம் மூன்று நண்பர்களோடு போய்ப் பரோட்டா சாப்பிட்டு வந்தான். கோயிலுக்கும் போனோம், அர்ச்சனையும் ஆயிற்று. வேறு எதுவும் விசேஷம் இல்லை. நான் ஒருமுறை கழிவறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன், மறைப்பானேன்.

இப்போது புதுத் தலைவலி. மகளுக்கு ஜூலையில் தெப்பக்குளம் வேண்டுமாம். அவள் வயிற்றில் இருந்தபோது செய்த கேக்கின் படத்தைப் பார்த்துவிட்டாள். நாலைந்து வருடமாகப் பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து குளம் நிறைந்து கிடக்கிறதல்லவா, அதனால் தண்ணீர் கட்டாயம் வேண்டும், படகும் வேண்டும் என்கிறாள். படிக்கட்டு தன் பொறுப்பு என்று மகன் சொல்லியிருக்கிறான். முதல் துண்டு யாருக்கு என்று அவளிடம் கேட்டேன். "எனக்கு" என்றாள்.

மாவுக்கை, அரை லிட்டர் கடற்பாசிக்கு நீலம் எத்தனை சொட்டு? போன முறை தெரு முழுக்க நீலப் பல்.